அண்ணன் கடலில் தூங்கிய சனிக்கிழமை

என் அண்ணனுக்குக் குளிர்கிடங்கில் வேலை. மீன், பட்டாணி, ஐஸ்கிரீம் என்று கடைகளுக்குப் போகிற சாமான்கள் எல்லாம் முதலில் அங்கே வந்துதான் உறைந்து கிடக்கும். நகரத்துக்கு வெளியே, ஜன்னலே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டிடம். உள்ளே காலெடுத்து வைத்தால் மூக்குக்குள் இருக்கும் முடிகூட விறைத்துக்கொள்ளும். அதற்குள்தான் அண்ணன் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிஃப்ட் மாறி மாறி வரும். வெளியே கோடை கொளுத்தும்போது அவர் மட்டும் பஞ்சு வைத்த ஜாக்கெட், இரட்டைக் கையுறை, காதை மூடும் குல்லா சகிதம் வேலைக்குக் கிளம்புவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் அண்ணனுக்கு ஏதும் வியாதியா என்று விசாரித்தார்.

என் வீட்டுக்காரர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கம்பளி. "என்ன கம்பளி மச்சான், வெயிலுக்கு இதமா இருக்கா?" என்பார். மச்சானைக் கிண்டல் செய்வது தங்கை புருஷனுக்கு யாரும் கொடுக்காமலே வந்துவிடுகிற உரிமை. அண்ணன் சிரித்துக்கொண்டே ஷூ மாட்டுவார். பதில் பேசமாட்டார்.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட அவருடைய வலது கால் தானாக ஒரு தடவை தரையை அமுக்கும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார். நான் தோசைக்கல்லைத் திருப்பினால் அதற்கும் "மெதுவா, மெதுவா, கண்ணாடியைப் பாரு" என்பார்.

அண்ணி எங்களோடு இந்த நாட்டுக்கு வராமல் ஊரில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "உங்க அண்ணன் அங்க உறையட்டும், நான் இங்க வேகுறேன், சராசரி எடுத்தா சரியா இருக்கும்" என்று சொல்லி வேலையை விட மறுத்துவிட்டவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அண்ணன் எங்கள் வீட்டுப் பின்னறையில். சனிக்கிழமை மதியம் அண்ணி வீடியோவில் கூப்பிடுவார். அண்ணன் தலைசீவி, சட்டை மாற்றிக்கொண்டு அதற்காக உட்கார்ந்திருப்பார்.

குளிரை அண்ணன் ஒரு கஷ்டமாகவே சொன்னதில்லை. தூக்கம்தான் அவருக்குப் பிடிபடாமல் போய்விட்டது. எந்த வாரம் எப்போது படுப்பது என்று உடம்புக்கே குழப்பம். நான் துணி திருத்தும் கடையில் வேலை செய்கிறேன், பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. கடையில் மிஞ்சிய தடித்த கறுப்புத் துணியில் அவர் அறைக்குத் திரை தைத்துப் போட்டேன். அறை இருட்டானது, அவ்வளவுதான். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார்.

"தூங்கலையா அண்ணா?"

"கண்ணை மூடினா உள்ளே குளிருது பாப்பா."

இதை அவர் ஏதோ குழாய் சொட்டுகிறது என்பது போலச் சொல்வார். எனக்குத்தான் அதற்குப் பிறகு ஊசியில் நூல் கோக்க வராது.

அந்தக் கோடையில் வீட்டுக்காரரிடம் கார் பழகிய முடிதிருத்தும் பெண் ஒருத்தி, எத்தனையோ தடவை தோற்றபின் ஒருவழியாக லைசென்ஸ் வாங்கினாள். சந்தோஷம் தாங்காமல் கடற்கரையில் இருந்த தன் சின்ன வீட்டுச் சாவியை எங்களிடம் நீட்டி, ஒரு வாரக்கடைசி அங்கே போய் இருங்கள் என்றாள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் நாங்கள் அந்தக் கடல் பக்கம் போனதே இல்லை. காரில் போனால் ஒரு பாட்டுக் கச்சேரி கேட்டு முடிக்கிற தூரம்தான். ஆனால் ஒருவருக்கு லீவு இருந்தால் மற்றவருக்கு இருக்காது. அந்த வாரம் மூன்று பேருக்கும் எப்படியோ ஒத்துவந்தது.

மரப்பலகை வீடு. ஒரே அறை, ஒரு குட்டிச் சமையல்கட்டு. உப்புக்காற்றில் ஊறிக் கதவு இறுகிப்போயிருந்தது, தோளால் முட்டித்தான் திறக்கவேண்டியிருந்தது. ஒன்றோடொன்று சேராத கோப்பைகள், வெயிலில் வெளுத்த திரை, எவ்வளவு பெருக்கினாலும் தீராத மணல். ஜன்னலைத் திறந்ததும் கடல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. சத்தம், வாசனை, சுவரில் ஆடும் வெளிச்சம் எல்லாமாக. அண்ணன் வாசலில் ஜாக்கெட்டோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மச்சான், அதைக் கழட்டுங்க. மீனெல்லாம் பயந்துரும்" என்றார் வீட்டுக்காரர்.

சனிக்கிழமை காலை மணலில் துண்டு விரித்து உட்கார்ந்தோம். வானமும் தண்ணீரும் எந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன என்று தெரியாத மாதிரி ஒரு வெளிர்நீலம். நல்ல தையற்காரி மடித்துத் தைத்த ஓரம்போல, தையல் தெரியவே இல்லை. தூரத்தில் சிலர் நீளப் பலகைகளில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு அலை வரும், எழுந்து நிற்பார்கள், கொஞ்சதூரம் வழுக்கிக்கொண்டு வந்து விழுவார்கள். திரும்பவும் படுத்துக்கொண்டு போவார்கள்.

அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாப்பா, அது படுத்துக்கிட்டே விளையாடுற விளையாட்டா?"

"பாதி நேரம் அப்படித்தான் போல."

எழுந்தார். மணலைத் தட்டினார். பலகை வாடகைக்கு விட்டு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் நேராகப் போய் நின்றார். நானும் வீட்டுக்காரரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். கடையில் சட்டை அளவு மாற்றித் தரச்சொல்லிக் கேட்கவே கூச்சப்படுகிற மனிதர் அவர்.

அந்தப் பெண் முதலில் மணலிலேயே பலகையைப் போட்டுப் படுக்கவைத்தாள். தண்ணீர் இல்லாத இடத்தில் அண்ணன் தீவிரமாகக் கைகளால் துழாவினார். பிறகு கையை ஊன்றித் துள்ளி எழுந்து நிற்கச் சொன்னாள். அண்ணன் மாடியேறுகிறவர் மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து எழுந்தார். கரையில் நின்ற வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "மச்சான், முன்னால பாருங்க! காலைப் பார்க்காதீங்க! கிளட்ச், கிளட்ச்!" என்று கத்தினார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீருக்குள் அண்ணன் விழுந்தார். விழுந்தார், விழுந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் நுரைக்குள்ளிருந்து அவர் தலை வெளியே வரும்போது சிரித்துக்கொண்டிருந்தது. அவர் பற்களை அவ்வளவு முழுசாக நான் பார்த்து எவ்வளவு காலமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் பழமும் சாப்பிட்டோம். வீட்டுக்காரர் குடைக்குக் கீழே படுத்தவர் அப்படியே குறட்டைக்குப் போய்விட்டார், வலது கால் மட்டும் அவ்வப்போது பிரேக் போட்டது. அண்ணன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டார்.

"இடுப்பளவு தண்ணியைத் தாண்டாத அண்ணா."

"சரி பாப்பா."

நான் மல்லாந்து படுத்தேன். இரண்டு பறவைகள் இறக்கை அசைக்காமல் மேலே வட்டமிட்டன. அலைச் சத்தம் ஒரு பெரிய தையல் மெஷின் மாதிரி நின்று நின்று ஓடியது. நான் தூங்கவில்லை, விழித்திருக்கவும் இல்லை. எழுந்து உட்கார்ந்தபோது கடல் அயர்ன் பண்ணின துணி மாதிரி தட்டையாகக் கிடந்தது. அதில் அண்ணன் இல்லை.

முதலில் நான் நம்பவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டு இடமிருந்து வலம், வலமிருந்து இடம் பார்த்தேன். வேறு பலகைகள் இருந்தன, வேறு தலைகள் இருந்தன. வீட்டுக்காரரை உலுக்கினேன். அவர் எழுந்த வேகத்தில் குடை சாய்ந்தது. "இங்கதான் எங்கயாவது இருப்பார், பதறாத" என்று சொல்லிக்கொண்டே அவர்தான் துண்டையெல்லாம் உதறிக் கார் சாவியைத் தேடினார். கரையோரச் சாலையில் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

நான் கடற்கரைக் காவலரின் கூண்டுக்கு ஓடினேன். உயரமான ஒரு ஆள், கையில் பைனாகுலர். எப்படி இருப்பார், என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டார். சட்டை இல்லை, நீலக் கால்சட்டை என்று சொன்னேன். அதோடு நிறுத்தாமல், "அவருக்குக் குளிர் தாங்காது" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. காவலர் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு மோட்டார் படகில் இரண்டு பேரை அனுப்பினார்.

அந்த நேரம் பார்த்து என் கையில் போன் அடித்தது. அண்ணி.

எடுக்காமல் விட்டால் சந்தேகம் வரும். கேமராவை வானத்துப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு எடுத்தேன்.

"என்ன நாத்தனாரே, எங்க உங்க அண்ணன்? அவர் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு."

"அண்ணன்... அண்ணன் தூங்குறார் அண்ணி."

"தூங்குறாரா? அவரா?"

"ஆமா அண்ணி. நல்ல தூக்கம்."

"அப்போ எழுப்பாதீங்க. எழுப்பவே எழுப்பாதீங்க, நான் அப்புறமா பேசிக்கிறேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வைத்தார், ஏதோ தன் பேச்சுச் சத்தத்தில் அவர் விழித்துவிடுவார் என்பது போல. நான் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். வாயைத் திறந்தால் பொய், அதுவும் இந்த நேரத்தில், அதுவும் அண்ணியிடம்.

படகு போனது, திரும்பியது, மறுபடி போனது. நிழல்கள் நீண்டன. காவலர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார், நான் குடிக்கவில்லை.

அப்போது கரைச் சாலை வளைவில் ஒரு பலகை நடந்து வந்தது. அதற்குக் கீழே இரண்டு கால்கள். விறகுக்கட்டு மாதிரி பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, சுடுகிற தாரில் வெறுங்காலால் குதித்துக் குதித்து என் அண்ணன் வந்துகொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். "ஆ" என்று துள்ளினார். அப்போதுதான் பார்த்தேன், உடம்பின் முன்பக்கம் முழுக்க வெயிலில் வெந்து சிவந்திருந்தது. வயிற்றில் மட்டும் சதுரமாக ஒரு இடம் பழைய நிறத்தில் இருந்தது, யாரோ ஒட்டுப்போட்டு விட்டமாதிரி.

"எங்க போன அண்ணா? எங்கதான் போன?"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தூக்கம் இன்னும் கலையவில்லை. "பாப்பா, தூங்கிட்டேன்" என்றார். "நல்லா தூங்கிட்டேன்."

அதற்குப் பிறகு அன்று பூராவும் அவர் விட்டு விட்டுச் சொன்னதை நான் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

இடுப்பளவு தண்ணீரில்தான் பலகையில் ஏறியிருக்கிறார். அலை அடங்கியிருந்தது. கொஞ்சம் துழாவினார். பிறகு, மல்லாந்து படுத்தால் எப்படி இருக்கும் என்று திரும்பிப் படுத்திருக்கிறார். முதுகுக்குக் கீழே தண்ணீர் ஆட்டியது, மேலே வெயில் போர்த்தியது. "முதல்ல வயிறு சூடாச்சு பாப்பா. அப்புறம் நெஞ்சு, அப்புறம் முழங்கால். எலும்புக்குள்ள கிடந்த ஐஸெல்லாம் ஒண்ணொண்ணா உடையுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றார். கரையில் யாரோ சிரிப்பது ரொம்பத் தூரத்தில் கேட்டது. கண்ணை மூடினால் உள்ளே குளிரவில்லை. உள்ளே ஆரஞ்சு நிறமாக இருந்தது. அது அவருக்கு ஞாபகமிருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

விழித்தபோது வயிற்றின்மேல் ஒரு புத்தகம் விரித்துக் கவிழ்த்து வைத்திருந்தது. தலையைத் திருப்பினார். பக்கத்தில் ஒரு ரப்பர் படகு. அதில் அகலமான தொப்பி போட்ட பருத்த அம்மா ஒருவர் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்து ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அண்ணனின் பலகை அந்தப் படகோடு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. சுற்றிலும் வேறு பாறைகள், வேறு கரை. எங்கள் கடற்கரையை அடுத்து, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மலைமூக்கைத் தாண்டி இருக்கும் சின்ன வளைகுடா அது. நீரோட்டம் அவரைத் தொட்டில் மாதிரி ஆட்டி ஆட்டி அங்கே கொண்டுவிட்டிருக்கிறது.

"எழுந்தாச்சா?" என்றாராம் அந்த அம்மா.

"நான் எப்படி இங்க வந்தேன்?"

"மிதந்து வந்தீங்க. செத்துட்டீங்களோன்னு முதல்ல பயந்தேன். பக்கத்துல வந்து பார்த்தா குறட்டை. அவ்வளவு நல்லா தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரலை. அதான் இன்னும் தள்ளிப் போயிடாம கட்டிப் போட்டேன்." பிறகு புத்தகத்தைக் கை நீட்டி எடுத்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் வைக்க இடமில்லை, தப்பா நினைக்காதீங்க" என்றும் சொன்னாராம்.

முன்பின் தெரியாத ஒருவர் தூங்குவதற்கு, வேலைவெட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒருவர் காவல் இருந்திருக்கிறார். அண்ணனுக்கும் ஒரு பழம் கொடுத்திருக்கிறார். படுத்தபடியே அதைத் தின்றாராம். பாதி தின்றபின் அந்த அம்மா, "கரையில உங்களை யாராவது தேடுவாங்களா?" என்று கேட்டபோதுதான் எங்கள் ஞாபகம் வந்து துள்ளி எழுந்து தண்ணீரில் விழுந்திருக்கிறார்.

திரும்பி நடந்து வரும் வழியில் எங்கள் கார் எதிரே வந்திருக்கிறது. "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!" என்று அண்ணன் கத்தினார். மாப்பிள்ளையோ ஜன்னல் வழியே கழுத்தை நீட்டிக் கடலைப் பார்த்து "மச்சான்! மச்சான்!" என்று கத்திக்கொண்டே தாண்டிப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் திரும்பிவந்து அண்ணனைப் பார்த்ததும் கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி வந்தார். பிறகு, "மச்சான், இண்டிகேட்டர் போடாம லேன் மாறுறீங்க" என்றார். துண்டை எடுத்து அண்ணன் தோளைச் சுற்றிப் போர்த்தினார். வெந்த தோலில் துண்டு பட்டு அண்ணன் நெளிந்தார், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. நான் காவலரிடம் போய் நன்றி சொன்னேன். அவர் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே, "இனிமேல் குளிராதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

மாலை வெளிச்சம் மஞ்சளாக அறைக்குள் கிடந்தபோது அண்ணி மறுபடி கூப்பிட்டார். "என்ன, இன்னுமா தூங்குறார்?" நான் போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. நடந்ததை நடந்தபடி சொன்னார். பலகை, வெயில், வளைகுடா, தொப்பிக்கார அம்மா, பழம் வரைக்கும். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். திரையில் அண்ணி முகம் அசையாமல் இருந்ததில், நெட்தான் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் அண்ணி கேட்டார்: "நல்லா தூங்கினீங்களா?"

"ம்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலை. நிறைய."

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அப்புறம்தான் திட்ட ஆரம்பித்தார். எங்கள் மூன்று பேரையும், அந்தப் பலகைக்காரப் பெண்ணையும், கடலையும் சேர்த்துவைத்துத் திட்டினார். அண்ணன் கற்றாழை தடவிய முகத்தோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாதியிலேயே கொட்டாவி விட்டார். அதைப் பார்த்த அண்ணி திட்டுவதை நிறுத்தி, "போங்க, போய்ப் படுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பக்கமே போகக்கூடாது என்றேன். ஆச்சரியம், வீட்டுக்காரர்தான் "போகட்டும், நான் கூட இருக்கேன்" என்றார். நீச்சல் தெரியாத மனிதர் முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கினார். பிறகு இடுப்பு வரை. பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு அலை வந்தபோது மெல்லத் தள்ளிவிட்டார்.

அண்ணன் கையை ஊன்றினார். மாடியேறுகிற மாதிரிதான் எழுந்தார். ஆனால் நின்றார். என் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கைகளை விரித்து, கொஞ்சம் கூன் போட்டு, வெள்ளை நுரைக்கு மேலே, கரையை நோக்கி, என்னை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தார். எவ்வளவு தூரம் என்று கேட்டால் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனைகூட இருக்காது. எனக்கு அது முடியவே முடியாத தூரம் போல இருந்தது. மணலில் வந்து பலகை தட்டியதும் அவர் ஓர் அடி எடுத்துவைத்து இறங்கினார், பஸ்ஸிலிருந்து இறங்குவது போல. பின்னால் தண்ணீரில் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மாதமே அண்ணன் தன் மேலாளரிடம் போய், இனி இரவு வேண்டாம், பகல் மட்டும் போதும் என்று கேட்டார். யாரிடமும் எதையும் கேட்காதவர் கேட்டது பெரிய விஷயம். முதலில் முடியாது என்றார்கள். குளிர்காலம் வருவதற்குள் யாரோ வேலையை விட்டுப்போக, அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. முழுசாகத் தூங்குகிறாரா என்று கேட்டால், சில நாள் தூங்குகிறார், சில நாள் இல்லை. தூங்காத நாளில் இப்போது கூரையைப் பார்ப்பதில்லை. எழுந்துவந்து சமையல்கட்டில் உட்கார்ந்து டீ போட்டுக் குடிக்கிறார், நானும் சேர்ந்துகொள்வேன்.

பழைய சாமான் கடையில் யாரோ விட்டுப்போன அலைச்சறுக்குப் பலகை ஒன்றை அவர் வாங்கிவந்து வீட்டு நடையில் சாய்த்துவைத்திருக்கிறார். வீட்டுக்காரர் தினமும் அதில் முழங்காலை இடித்துக்கொள்கிறார். "மச்சான், இது நோ பார்க்கிங்" என்கிறார். அண்ணன் இப்போது பதில் சொல்கிறார்: "ஃபைன் போடுங்க மாப்பிள்ளை."

அடுத்த கோடை லீவுக்கு அண்ணியும் மகளும் வருகிறார்கள்.